வெறிநாய்க்கடி: எச்சிலில் தொடங்கி மூளை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. ஆனால் கடிபட்ட பிறகும் அதை வரவிடாமல் தடுத்துவிடலாம். ஒரே நோயைப் பற்றி இப்படி இரண்டையும் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த வைரஸ் உடம்புக்குள் போகிற பாதை. அந்தப் பாதை புரிந்துவிட்டால் சோப்பு எதற்கு, சீரம் எதற்கு, பத்து நாள் கணக்கு எதற்கு என்பதெல்லாம் தானாகவே விளங்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரேபிஸ் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு எப்படிப் போகிறது?

எச்சில் வழியாக. நோய் கண்ட விலங்கின் எச்சில், தோல் கிழிந்த இடத்தில் படவேண்டும். அல்லது கண், வாய், மூக்கு இவற்றின் உள்சவ்வில் படவேண்டும். கடிக்கும்போது பல்லே தோலைக் கிழித்து எச்சிலையும் உள்ளே இறக்கிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலும் கடியால் பரவுகிறது. நகக்கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி.

காயம் எதுவும் இல்லாத தோலில் நாய் நக்கினால் பயமில்லை. ரத்தம், மூத்திரம், மலம் இவற்றால் பரவுவதில்லை. உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் ரொம்ப நேரம் தாங்காது. காய்ந்தால் போச்சு, வெயில் பட்டால் போச்சு. அதன் மேலுறையில் கொழுப்பு இருப்பதால் சாதாரண சோப்பே அதை உடைத்துவிடும்.

கடித்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் கடிபட்ட இடத்துச் சதையிலேயே வைரஸ் கொஞ்ச காலம் தங்குகிறது. பிறகு நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நரம்புக்குள் நுழைந்து, நரம்பு இழையின் உள்ளேயே முதுகுத்தண்டை நோக்கி ஏறுகிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் போனால் அதிகம். மற்ற பல கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். அப்போது நம் எதிர்ப்புச் சக்தி அவற்றைக் கண்டுகொள்ளும், காய்ச்சல் அடிக்கும். ரேபிஸ் ரத்தத்தின் பக்கமே போவதில்லை. அதனால் காய்ச்சலும் கிடையாது, நெறி கட்டுவதும் கிடையாது. புண் ஆறிவிடும், ஆள் வேலைக்குப் போய்வருவார். அதே சமயம் வைரஸ் ஏறிக்கொண்டிருக்கும்.

மூளையை அடைந்ததும் அங்கே மளமளவென்று பெருகும். அப்புறம் நரம்புகள் வழியாகவே மறுபடி வெளிப்பக்கம் இறங்கும். அப்படி இறங்கிச் சேரும் இடங்களில் முக்கியமானது எச்சில் சுரப்பி. அடுத்த உடம்புக்குப் போகும் வாசல் அதுதான்.

இந்த நோயில் என்னை மலைக்கவைப்பது இந்தக் கட்டம்தான். எச்சிலில் வைரஸ் நிறைகிற அதே சமயத்தில் தொண்டைத் தசை இழுத்துக்கொள்வதால் அந்த எச்சிலை விழுங்க முடியாமல் போகிறது; வாயிலேயே தேங்கி வழிகிறது. மூளை பாதித்ததால் நாய்க்குப் பயம் போய், எதிரில் வருவதையெல்லாம் கடிக்கிற வெறி வந்துவிடுகிறது. தண்ணீர் குடித்து எச்சில் நீர்த்துப்போகவும் வழியில்லை. மூளையே இல்லாத ஒரு துகள், தான் குடியிருக்கும் உடம்பின் குணத்தையே மாற்றி, அடுத்த உடம்பைத் தேடிப் போகவைத்துவிடுகிறது.

கடித்து எத்தனை நாளில் நோய் வரும்?

பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில். ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. கடி முகத்திலா, கழுத்திலா, காலிலா என்பதைப் பொறுத்து வைரஸ் போகவேண்டிய தூரம் மாறும். காலில் கடித்தால் தூரம் அதிகம். முகத்திலும் தலையிலும் கடித்தால் மூளை பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்கும் இது ஒரு காரணம்: நாயின் வாய் உயரத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. ரேபிஸால் இறப்பவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மற்ற தடுப்பூசிகளை நோய்க்கு முன்னாலேயே போடுகிறோம். இதை மட்டும் கடித்த பிறகு போட்டால் எப்படி வேலை செய்கிறது?

வைரஸ் மெதுவாகப் போவதுதான் காரணம். ஊசி போட்டால் போதுமான எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். வைரஸ் மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் அதைவிட அதிக நாள் எடுக்கும். முந்திக்கொள்ள நமக்கு நேரம் கிடைக்கிறது.

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாயிடம் கடிபட்டு வந்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக இப்படிச் செய்து பார்த்தார். பையன் பிழைத்தான். வைரஸ் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாத காலம் அது. கடிக்கும் நோய்க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது மட்டும் பாஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரிலேயே 1907ஆம் ஆண்டு நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

நாய் கடித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

குழாயடிக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போகலாம்.

குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். துணி துவைக்கிற சோப்பு இருந்தாலும் சரி. பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பல் இறங்கிய குழிக்குள் தண்ணீர் போகவேண்டும். நுரை போட்டு அலசி, மறுபடி போட்டு அலசவேண்டும். சதையில் தங்கியிருக்கும் வைரஸை நரம்பு பிடிக்கும் முன்பே வெளியேற்றும் வேலை இது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். எரிச்சல் தருகிற பொருளைப் புண்ணில் தேய்த்தால் கிருமி இன்னும் உள்ளே போகத்தான் வழியாகும். கட்டும் இறுக்கிப் போடக்கூடாது. தையலும் கூடுமானவரை போடமாட்டார்கள். போட்டே ஆகவேண்டிய பெரிய காயமானால், முதலில் சீரம் போட்டுவிட்டுத்தான் தைப்பார்கள்.

ஊசி என்கிறார்கள், சீரம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஊசி, அதாவது ஏ.ஆர்.வி. என்கிற ரேபிஸ் தடுப்பூசி, நம் உடம்பையே எதிர்ப்புச் சக்தி தயாரிக்கவைக்கிறது. அதற்கு நாள் ஆகும். சீரம் என்பது ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தி. குதிரையிடமிருந்தோ மனிதரிடமிருந்தோ எடுத்தது. அதைப் புண்ணைச் சுற்றியும் புண்ணுக்குள்ளும் இறக்குவார்கள். விரல் நுனியில் கடி என்றால் நன்றாகவே வலிக்கும். ஊசி வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை, சதையிலேயே வைரஸை மடக்கிப் பிடிப்பது இதன் வேலை.

எல்லாருக்கும் சீரம் தேவைப்படாது. தொட்டது, முழுத்தோலில் நக்கியது என்றால் எதுவுமே வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத சிராய்ப்பு, லேசான கவ்வல் என்றால் ஊசி மட்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது என்றால் ஊசியும் சீரமும். இந்த மூன்றாவது வகையில் சீரத்தை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் போடமாட்டார்கள், ஏனென்றால் அதற்குள் உடம்பே தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.

எத்தனை ஊசி? தொப்புளைச் சுற்றிப் பதினான்கா?

அது பழைய கதை. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துத் தயாரித்த செம்பிள் தடுப்பூசி அப்படித்தான் போடப்பட்டது. வலி ஒரு பக்கம் இருக்க, அந்த மூளைத் திசுவால் சிலருக்கு வாதம்கூட வந்தது. இந்தியாவில் 2004ஆம் ஆண்டு இறுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். இன்றும் பெரியவர்கள் சிலர் அந்தப் பதினான்கு ஊசியை நினைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தயங்குவது கொடுமை.

இப்போது கையில்தான் போடுகிறார்கள் (சிறு குழந்தைக்குத் தொடையில்). இடுப்பில் போடக்கூடாது. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு புஜத்திலும் சொட்டளவு மருந்து. தோலுக்குள் சரியாகப் போட்டிருந்தால் அந்த இடத்தில் சின்னதாகக் கொப்புளம் எழும். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இந்த முறைதான், இதற்குப் பணம் கிடையாது. நாள் 0 என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள்.

கர்ப்பிணிக்கும் போடலாம், பால் கொடுக்கும் தாய்க்கும் போடலாம். ‘கடித்து ஒரு வாரம் ஆகிவிட்டது, இனி எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள். நோய்க்குறி தெரியாதவரை போடுவதில் பலன் உண்டு.

கறி, முட்டை சாப்பிடலாமா? குளிக்கலாமா?

எல்லாம் சாப்பிடலாம். குளிக்கலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

வெறிபிடித்த நாயை எப்படிக் கண்டுபிடிப்பது?

சினிமாவில் காட்டுவதுபோல வாயில் நுரை தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிற நாய் ஒரு வகை. அதைப் பார்த்தால் யாரும் ஒதுங்கிவிடுவார்கள். இன்னொரு வகை அமைதியானது, அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வளர்ப்பு நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருட்டு மூலையில், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குரல் கம்மியிருக்கும். கீழ்த்தாடை தொங்கும், நாக்கு வெளியே கிடக்கும், எச்சில் கயிறாக இறங்கும். தட்டில் வாயை வைக்கும், ஆனால் விழுங்க முடியாமல் திணறும். வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? ‘தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது’ என்று தோன்றும். வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டுத் தேடுவார். நாய் கடிக்கவே இல்லை. ஆனால் விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும்.

விழுங்க முடியாத நாயின் வாயில் கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி நாய் என்றும் அசட்டையாக இருக்கவேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வழக்கமாகத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். குழந்தைகள் தூக்கிக் கொஞ்சுவது அதைத்தான்.

நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டால் போதாதா?

பார்க்கவேண்டும், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்க்கவேண்டும். நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்குவது, நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பு. எச்சிலுக்கு வைரஸ் வருகிறது என்றால் மூளையை ஏற்கெனவே பிடித்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட நாய் பத்து நாள் தாங்காது. ஆகவே கடித்த நாய் பத்தாம் நாளும் நன்றாக வாலாட்டிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. மீதி ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்கோ நரிக்கோ பொருந்தாது. கடித்த நாயை உடனே அடித்துக் கொன்றுவிட்டால், நிச்சயம் செய்துகொள்ள இருந்த அந்த வழியும் அடைபட்டுவிடும்.

எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம். தெருநாய்க்கும் காதில் வெட்டு இருக்கிறது. அப்போதும் வேண்டுமா?

வேண்டும். வருடா வருடம் போட்டால்தான் பாதுகாப்பு. போட்ட ஊசி சரியாகக் குளிர்ப்பெட்டியில் இருந்ததா என்று யார் கண்டது? காதில் உள்ள வெட்டு, அந்த நாய்க்கு எப்போதோ கருத்தடை செய்து விட்டார்கள் என்பதற்கு அடையாளம். அப்போது தடுப்பூசியும் போட்டிருப்பார்கள்தான், ஆனால் அது இந்த வருடமா, நான்கு வருடத்துக்கு முன்பா என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பூனை, குரங்கு, எலி, அணில், வௌவால்?

பூனை, குரங்கு, கீரி, நரி, வெறிநாய் கடித்த மாடு: எல்லாவற்றுக்கும் நாயைப் போலவே ஊசி உண்டு. எலி, அணில், முயல் கடிக்குப் பொதுவாக வேண்டியதில்லை. வௌவால் விஷயம் அமெரிக்கக் கண்டத்தில் பெரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மனிதருக்கு ரேபிஸ் வர முதல் காரணமே வௌவால்தான். உலக அளவில் மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருகிறது.

வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோமே?

காய்ச்சிய பாலால் ஒன்றும் வராது. இப்படிப் பால் குடித்தவர்கள் ஊரே திரண்டு ஊசிக்கு வரிசையில் நிற்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. உண்மையில் ஊசி தேவைப்படுவது அந்த மாட்டின் வாயில் கைவிட்டு மருந்து புகட்டியவருக்கு.

மனிதரிடமிருந்து மனிதருக்கு வருமா?

கொள்கையளவில் வரலாம், நடைமுறையில் கிட்டத்தட்ட இல்லை. உறுதியாகத் தெரிந்தவை உறுப்பு மாற்றமும் விழிவெண்படல மாற்றமும்தான். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரே கொடையாளரிடமிருந்து கல்லீரல், சிறுநீரகம், ரத்தக்குழாய் பெற்ற நான்கு பேர் ரேபிஸால் இறந்தார்கள். மனிதன் மனிதனைக் கடிப்பதில்லை என்பதால் வைரஸின் பயணம் நம்மோடு நின்றுவிடுகிறது. ஆனால் நோயாளியைப் பராமரித்தவர்களில், எச்சில் கண்ணிலோ புண்ணிலோ பட்டவர்கள் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்.

நோய் வந்தவர் நாய்போலக் குரைப்பாராமே? பிழைத்தவர்களே இல்லையா?

குரைப்பதில்லை. தொண்டைத் தசை இழுக்கும்போது குரல் கரகரத்து விட்டுவிட்டு வரும். ஏற்கெனவே பயந்திருக்கிற காதுக்கு அது அப்படிக் கேட்கிறது. முதல் அறிகுறி பலருக்கு, ஆறிப்போன பழைய கடிவாயில் அரிப்போ மதமதப்போதான். பிறகு காய்ச்சல், படபடப்பு. தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுக்கும். முகத்தில் விசிறிக்காற்று பட்டாலும் இழுக்கும். ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் கடிவாய்ப் பக்கத்திலிருந்து வாதமாகவே ஏறும்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், வௌவால் கடித்த ஒரு பதின்வயதுப் பெண் ஊசியே போடாமல் பிழைத்தார். அவரை மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அதே முறையைப் பிறகு பலருக்கும் செய்து பார்த்தார்கள், பெரும்பாலும் பலிக்கவில்லை. அதை நம்பி யாரும் இருக்கமுடியாது.

தெருநாய்களை ஒழித்துவிட்டால் நோயும் ஒழிந்துவிடாதா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கடிபட்ட குழந்தையின் தகப்பனிடம் போய் நான் வாதம் செய்யமாட்டேன். ஆனால் செய்து பார்த்த இடங்களில் பலிக்கவில்லை. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் முன்பு ரேபிஸே கிடையாது. 1997ஆம் ஆண்டு சுலவேசி பக்கத்திலிருந்து படகில் வந்த நாய்களோடு அது தீவுக்குள் இறங்கியது. நாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள், நோய் போகவில்லை. ஓரிடத்தில் நாய்கள் குறைந்தால் அக்கம்பக்கத்து நாய்கள் அங்கே வந்துவிடும். தங்கள் நாயைக் காப்பாற்ற ஜனங்கள் அதை வேறு ஊருக்குக் கடத்துவார்கள். ஊசி போட்டிருந்த நாய்களும் சேர்ந்து சாகும்.

இந்த வைரஸ் உண்மையில் வேகமாகப் பரவுகிற ஒன்றல்ல. ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டு நாய்க்கும் குறைவாகத்தான் நோயைக் கொடுக்கிறது. தான்சானியா போன்ற இடங்களில் தடம் பிடித்துப் பார்த்த கணக்கு இது. அதனால்தான் ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் போதும் என்கிறார்கள். வெறிநாய் கடிக்கப் போகிற அடுத்த நாய் பெரும்பாலும் ஊசி போட்டதாக இருக்கும். அங்கேயே நோய் நின்றுபோகும். கடலைத் தாண்ட முடியாததால் அந்தமானிலும் இலட்சத்தீவிலும் இன்றுவரை ரேபிஸ் இல்லை.

சுவிட்சர்லாந்தில் ரேபிஸைப் பரப்பியது நாய் அல்ல, நரி. காட்டு நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? 1978ஆம் ஆண்டு அவர்கள் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்து மலைப்பள்ளத்தாக்கில் போட்டுவைத்தார்கள். நரிகள் தின்றன. இருபது ஆண்டு கழித்து அந்த நாட்டில் ரேபிஸ் இல்லை. நாய்க்கே ஊசி போட்டு மெக்சிகோவும் நாய்வழி ரேபிஸ் மரணத்தை ஒழித்தது. 2019ஆம் ஆண்டு அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. இலங்கையில் 1973ஆம் ஆண்டு விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். பிறகு நாய்களுக்கு ஊசி, கடிபட்டவர்களுக்குத் தாராளமாக மருந்து என்று இரண்டு பக்கமும் செய்ததில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சில பத்துகளாக இறங்கிவிட்டது. நம் ஊரில் கருத்தடையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த எழுபதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊசி முழுவதும் போட்டு முடித்தேன். மறுபடி நாய் கடித்தால் எல்லாம் முதலிலிருந்தா?

இல்லை. உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டதால் நாள் 0, நாள் 3 என்று இரண்டு தடவை போட்டால் போதும். சீரம் தேவையில்லை. ஆனால் கழுவுவதில் சலுகை கிடையாது, அதே பதினைந்து நிமிடம்தான். முந்தைய ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து டாக்டர் முடிவெடுக்கமாட்டார், முழுச் சுற்றையும் முதலிலிருந்து போட்டுவிடுவார்.